தறிக்கூடத்து டிசைன் கணினி: 2200ஜி-யைக் கழற்றி 5600ஜி மாட்டிய கணக்கு

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம், விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய அறையில் ஓடும் கணினி இது. ஜக்கார்டு புடவை டிசைனை வரைந்து, நெசவுக் கட்டு (நீள நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் பின்னும் முறை) போட்டு, பென் டிரைவில் தறிக்குக் கொடுப்பதுதான் அதன் முழுநேர வேலை. உள்ளே இருந்தவை: ரைசன் 3 2200ஜி பிராசசர், இரண்டே ரேம் இடமுள்ள ஏ320 மதர்போர்டு, ஒற்றை 8 ஜிபி டிடிஆர்4 2400 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடு சேர்ந்து வந்த 400 வாட் என்று எழுதிய எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி). தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. 2018 கடைசியில் வாங்கியது.

வேகத்தை அளக்க ஒரே ஒரு கோப்பை எடுத்துக்கொண்டோம். 2,688 கொக்கி (பாவு நூலைத் தூக்குவது) அகலம், 6,000 ஊடை உயரம் உள்ள முந்தி டிசைன். திறந்து, எல்லா நிறத்துக்கும் நெசவுக் கட்டு நிரப்பி, சேமிக்கும் வரை 3 நிமிடம் 40 விநாடி. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே கோப்பு, இதே கைக்கடிகாரம். பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணை விட இப்படி அளப்பதுதான் உபயோகம். காசு எந்தப் பாகத்துக்குப் போய் எத்தனை விநாடியாகத் திரும்பி வந்தது என்பது அப்படியே தெரியும்.

பாகங்களை மாற்ற மெதுவாக ஓடியது மட்டும் காரணமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் தந்திருக்கும் ஏஎம்டி பிராசசர் பட்டியலில் 2200ஜி இல்லை. ஆகவே எப்படியும் பிராசசர் மாற்ற வேண்டும். ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) என்பதால் போர்டை வைத்துக்கொண்டே மாற்ற முடியும் என்பதுதான் செலவைக் குறைத்த ஒரே விஷயம்.

எந்தப் பிராசசர்

விலைப் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது ரைசன் 5 5500. ஆறு கோர், விலையும் குறைவு. ஆனால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டின் எச்டிஎம்ஐ வழியாகப் படம் பார்க்கும் இந்த மாதிரிக் கணினியில் 5500 போட்டால் மின்விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். பெயரின் கடைசியில் 'ஜி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மிஞ்சியவை 4600ஜி, 5600ஜி இரண்டும். இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். 4600ஜி-யில் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 8 எம்பி, உச்சம் 4.2 கிகாஹெர்ட்ஸ். 5600ஜி-யில் 16 எம்பி, 4.4 கிகாஹெர்ட்ஸ். இந்த டிசைன் மென்பொருள் கட்டு நிரப்பும்போது ஒரே ஒரு கோரைத்தான் ஓட்டுகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தாலே தெரியும். அப்படியானால் கோர் எண்ணிக்கையை விட ஒற்றைக் கோரின் வலுதான் முக்கியம். அதனால் 5600ஜி.

புதியது வாங்கவில்லை. பெட்டியோடும் பில்லோடும் வந்த பழையது, ஏஎம்டி பெட்டிக்குத் தரும் மூன்று வருட வாரண்டியில் 14 மாதம் பாக்கி, ₹7,800. பழைய ஏஎம்4 பிராசசர் வாங்கும்போது பெட்டியிலுள்ள எண்ணும் பிராசசர் மூடியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பிறகு கவிழ்த்து, ஊசி வரிசைகளை நான்கு பக்கத்திலிருந்தும் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்க்க வேண்டும். வளைந்த ஊசி வரிசையை விட்டு விலகிப் பளிச்சென்று தெரியும்.

இங்கேதான் முதல் தப்பு நடந்தது. பிராசசரை வாங்கி வைத்த பிறகுதான் பழைய கணினியின் வெப்பத்தைப் பார்த்தோம். வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

தூசி

மே மாத மதியம், அறை வெப்பம் 36 டிகிரி. வெப்பம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துப் பார்த்தால் சும்மா இருக்கும்போதே 61 டிகிரி. முழுச் சுமை கொடுத்த இருபதாவது விநாடியில் 95. 2200ஜி-யின் எல்லையே 95 டிகிரிதான். அங்கே முட்டியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 3.5 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 2.4-க்கு இறங்கி நின்றது.

கேபினெட்டைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. தறிக்கூடத் தூசி வீட்டுத் தூசி மாதிரி உதிராது. நூல் பிசிறும் பாவுக்குப் போட்ட கஞ்சித் துகளும் சேர்ந்து, ஹீட் சிங்க் (பிராசசரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகம்) தகடுகளுக்கு நடுவே கம்பளித் துணி போலப் படிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் மின்விசிறி சுத்தமாகவே தெரியும். மின்விசிறிக்கும் தகடுக்கும் நடுவில்தான் அடைப்பு. புளோயர் அடித்தால் மேல் தூசி மட்டும் பறக்கும், உள்ளே இருக்கும் படலம் இன்னும் இறுகும். ஹீட் சிங்க்கிலிருந்து மின்விசிறியைத் தனியாகக் கழற்றி, படலத்தை இடுக்கியால் உரித்தெடுத்து, அலுமினியத் தகட்டைச் சோப்புத் தண்ணீரில் பல்துலக்கும் பிரஷ்ஷால் கழுவி, வெயிலில் இரண்டு மணி நேரம் காயவைத்தோம். கேபினெட் மின்விசிறியில் புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் கட்டுமீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

இதைச் செய்ய ஹீட் சிங்க்கைக் கழற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது தப்பு அங்கே. பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே சூடு கடத்தப் பூசும் பேஸ்ட், ஏழு வருடத்தில் சிமென்ட் ஆகியிருந்தது. நேராக மேலே இழுத்ததில் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் ஹீட் சிங்க்கில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஏஎம்4-இல் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1,331. ஓரத்தில் இரண்டு சாய்ந்துவிட்டன. 0.5 மி.மீ. லெட் பென்சிலின் லெட்டை எடுத்துவிட்டு, அதன் குழல்முனையை ஊசியில் செருகி, மெல்ல மெல்ல நிமிர்த்தினோம். பிறகு பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தை வரிசைக்கு நடுவே இரண்டு திசையிலும் ஓட்டிச் சரிபார்த்தோம். உடையவில்லை. உடைந்திருந்தால் அடுத்த கட்டமான பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்) வேலைக்கே வழி இருந்திருக்காது. காரணம் கீழே வரும்.

சரியான முறை: கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் சுமையோடு ஓட்டிச் சூடாக்க வேண்டும். நிறுத்தி, பிளக்கை உருவி, ஹீட் சிங்க்கின் நான்கு ஸ்குரூவையும் குறுக்குவாட்டில் தளர்த்த வேண்டும். மேலே தூக்காமல் இடமும் வலமுமாகத் திருக வேண்டும். வழுக்கிக்கொண்டு திரும்பிய பிறகுதான் தூக்கலாம். போர்டைப் படுக்கவைத்துச் செய்வது அவசியம். இந்த ஸ்குரூக்கள்தான் போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டையும் பிடித்திருக்கின்றன. நிமிர்ந்த நிலையில் கழற்றினால் தகடு பின்பக்கம் விழுந்து, ஸ்குரூ எதில் ஏறும் என்றே தெரியாமல் நிற்க வேண்டிவரும்.

பழைய பேஸ்டை 99 சதவீத ஐபிஏ-வால் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) துடைத்தோம். எலெக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடையில் 100 மில்லி ₹120. மருந்துக் கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம், வேண்டாம். புதுப் பேஸ்ட் 2 கிராம் ₹250, இரண்டு முறைக்கு வந்தது.

மறுபடி அளந்தால் முழுச் சுமையில் 74 டிகிரி. அதே கோப்பு 2 நிமிடம் 35 விநாடி. 370 ரூபாய்க்கு 65 விநாடி. இந்த முழு வேலையிலும் இதைவிட மலிவாக எந்த விநாடியும் கிடைக்கவில்லை.

ஏற்காடு மலை மேலே இருக்கும் கணினிகளுக்கு இது பொருந்தாது. அங்கே பிசிறு இல்லை, பனியும் ஈரமும்தான். ரேமின் தங்கப் பட்டையில் படலம் படிந்து படம் வராமல் போகும். பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்து ஐபிஏ-வால் துடைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்

புதுப் பிராசசரை மாட்டுவதற்கு முன் எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை அளந்தோம். காலியாக இருந்த நான்கு முனை மோலக்ஸ் இணைப்பில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே மல்டிமீட்டர். சும்மா இருக்கும்போது 11.82, சுமையில் 11.46. கணினி எஸ்எம்பிஎஸ்ஸுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி ஐந்து சதவீதம்தான் சலுகை. அதாவது 11.40-க்குக் கீழே போகக் கூடாது. விளிம்பில் நின்றது. 5600ஜி-க்கும் 65 வாட் என்றே போட்டிருப்பார்கள். ஆனால் சாக்கெட் வழியாக 88 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. பழையதை நம்ப முடியாது. 450 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் சான்றுள்ளது ₹2,700. மாட்டிய பின் 12.08, சுமையில் 12.02. போர்டில் நான்கு முனை பிராசசர் இணைப்பு மட்டும் இருந்தது. புதியதில் நான்கும் நான்குமாகப் பிரியும் வயர் வரும், ஒரு பாதியை மாட்டினால் போதும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து சுத்தம் செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயர் மின்னழுத்தம் நிற்கும்.

பயாஸ்

பணமில்லாத வேலை, ஆனால் இதில் தவறினால் போர்டே போய்விடும். ஏ320 போர்டு 2017-இல் வந்த சாக்கெட் தலைமுறை. 5000 வரிசையை அது அறிந்துகொள்ளப் புது பயாஸ் வேண்டும். 2022-இலிருந்துதான் பல ஏ320 போர்டுகளுக்கு அந்தப் பயாஸ் கிடைத்தது. புதுப் பிராசசரை முதலில் மாட்டினால் போர்டுக்கு அது யாரென்றே தெரியாது. ஆகவே பயாஸை ஏற்றும் வரை பழைய பிராசசர் உயிரோடு இருந்தே ஆக வேண்டும். அந்த இரண்டு ஊசிக்கும் அவ்வளவு பதறியது இதனால்தான்.

போர்டின் மாதிரி எண்ணோடு திருத்த எண்ணையும் பார்க்க வேண்டும். போர்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஒரே பெயரில் இரண்டு திருத்தம் இருந்தால் பயாஸ் கோப்பும் வேறு.

2018 பயாஸிலிருந்து நேராகக் கடைசிப் பயாஸுக்குத் தாவ முயன்றோம். கோப்பு செல்லாது என்று சொல்லி நின்றுவிட்டது. கெட்டது ஒன்றும் நடக்கவில்லை. தயாரிப்பாளரின் பக்கத்தில் ஒவ்வொரு பயாஸுக்கும் கீழே உள்ள சிறு குறிப்பைப் படித்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும். நடுவில் ஒரு பாலப் பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் புதியதற்குப் போக வேண்டும். அந்தக் குறிப்புகளிலேயே இன்னொன்றும் இருக்கும்: எந்தப் பழைய பிராசசர்களுக்கு ஆதரவு நீக்கப்பட்டது என்பது. பல பழைய போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பி மட்டுமே. புதியவற்றுக்கு இடம்விடப் பழையவற்றை நீக்குகிறார்கள். அதனால் ஏற்றிய பிறகு திரும்பி வர முடியுமா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்த விதம்: 8 ஜிபி பென் டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்து, கோப்பை விரித்து வெளியே வைத்து, பின்பக்க யுஎஸ்பி 2.0 துளையில் செருகினோம். பயாஸுக்கு உள்ளே இருக்கும் ஏற்றும் கருவியைத்தான் பயன்படுத்தினோம். விண்டோஸிலிருந்து ஏற்றும் கருவி வேண்டாம். கணினியை 600 விஏ யுபிஎஸ்ஸில் மாட்டி, முன்னதாக யுபிஎஸ்ஸின் பிளக்கை உருவிப் பத்து நிமிடம் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டோம். தறி ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் ஆடும். காலை ஷிஃப்ட் தொடங்குமுன் ஆறு மணிக்கு வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. ஒவ்வொரு ஏற்றமும் நான்கைந்து நிமிடம். இரண்டாவதற்குப் பிறகு திரை இரண்டு நிமிடம் கறுப்பாகவே இருந்தது. ரேமைப் புதிதாகப் பழகிக்கொள்கிறது. அந்த நேரத்தில் பவர் பட்டனைத் தொடக் கூடாது.

மாட்டியது

லீவரை நிமிர்த்தி, மூலையிலுள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு சேர்த்து வைத்தால் பிராசசர் தன் எடையிலேயே இறங்கி உட்காரும். அழுத்த வேண்டி வந்தால் ஏதோ தவறு. பட்டாணி அளவு பேஸ்ட் நடுவில். ஹீட் சிங்க் பழையதே. ஸ்குரூவைக் குறுக்குவாட்டில் இரண்டிரண்டு சுற்றாக இறுக்க வேண்டும். பழைய சிமாஸ் பேட்டரியையும் அப்போதே மாற்றினோம், சிஆர்2032, ₹40.

பவர் கொடுத்ததும் நாற்பது விநாடி கறுப்பு. பிறகு புதுப் பிராசசர் கண்டேன், எஃப்டிபிஎம்மை (பூட்டுச் சாவிகளைப் பிராசசர் காக்கும் இடம்) அழித்துப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்கும் செய்தி. டிஸ்கில் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்து, அதன் மீட்பு எண் கையில் இல்லாமல் இங்கே சம்மதம் கொடுத்தால் தகவல் முழுவதும் போய்விடும். பழைய பிராசசர் இருக்கும்போதே பிட்லாக்கரை நிறுத்திவைத்து, மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்வதுதான் பத்திரம். இந்தக் கணினியில் பூட்டு இல்லை. சம்மதம் கொடுத்துத் தாண்டினோம். கோப்பு 1 நிமிடம் 58 விநாடி.

வெப்பம்தான் கவலை. அதே சின்ன ஹீட் சிங்க்கில் முழுச் சுமைக்கு 86 டிகிரி. எல்லை 95 என்பதால் ஓடும். ஆனால் இந்தப் போர்டில் பிராசசருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் விஆர்எம் பகுதிக்கு ஹீட் சிங்க்கே இல்லை. அதன் மேல் கை வைக்க முடியவில்லை. பயாஸில் 5600ஜி-யை 45 வாட்டுக்கு இறக்கி வைக்கும் வசதி உண்டு, ஏஎம்டியே அனுமதிக்கும் அளவு. அப்படி வைத்ததும் 71 டிகிரி. நமது கோப்பின் நேரத்தில் ஒரு விநாடி கூடக் கூடவில்லை, ஒற்றைக் கோர் வேலை என்பதால். எல்லாக் கோரும் ஓடும் வேலையில் கொஞ்சம் குறையும். இந்த அறைக்கு 45 வாட்டே சரி. இதே காரணத்துக்காக எட்டுக் கோர் 5700ஜி-யை இந்த வகைப் போர்டில் போடச் சொல்ல மாட்டோம்.

ரேமும் எஸ்எஸ்டியும்

மூன்றாவது தப்பு ரேமில். பழைய 8 ஜிபியோடு புதிய 3200 ஒன்று போதும் என்று நினைத்து ஒன்றுதான் வாங்கினோம், ₹1,650. இரண்டு ரேமும் சேர்ந்து ஓடும் இரட்டைப் பாதை கிடைத்தது, ஆனால் இரண்டும் பழையதின் 2400-லேயே ஓடின. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, இந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு மானிட்டரில் பெரிய டிசைனை இழுத்து நகர்த்தினால் திக்கியது. மறுபடி சேலம் ஐந்து ரோடு பகுதி வரை போய் அதே பெயர், அதே வேகத்தில் இன்னொன்று வாங்கி மாட்டி, பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் மேல் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கியதும் திக்கல் நின்றது. எக்ஸ்எம்பியை இயக்காவிட்டால் பல 3200 ரேம்கள் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடும். கிராஃபிக்ஸுக்கு 1 ஜிபி ஒதுக்கினோம். இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடவிட்டோம், பிழை இல்லை. நேரம் 1 நிமிடம் 45.

எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ, ₹2,900. அது தகவல் அனுப்பும் பாதை இந்தப் போர்டிலும் பிராசசரிலும் பிசிஐஇ 3.0 தான். 4.0 எஸ்எஸ்டிக்கு அதிகக் காசு கொடுத்தால் அது 3.0 வேகத்தில்தான் ஓடும். எஸ்எஸ்டி செருகும் எம்.2 துளைக்கான குட்டி ஸ்குரூ பழைய பெட்டியில் இல்லை. அது எம்2 அளவு, 3 மி.மீ. நீளம். லேப்டாப் பழுது பார்க்கும் கடையில் கேட்டால் கிடைக்கும்.

விண்டோஸ் 11-ஐ புதிதாக ஏற்றினோம். பயாஸில் சிஎஸ்எம் (பழைய பூட் முறை) அணைத்து, எஃப்டிபிஎம், செக்யூர் பூட் இரண்டையும் இயக்கி, டிஸ்கை ஜிபிடி முறையில் பிரித்து. டிசைன் மென்பொருளின் டாங்கிளுக்கு (உரிமத்துக்காகக் கணினியில் செருகும் சாவி) டிரைவரை மட்டும் முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். பழைய டிரைவர் விண்டோஸ் 11-இல் ஏறவில்லை, புதியது வரும்வரை ஒன்றரை நாள் தறிக்கு டிசைன் போகவில்லை. நேரம் இப்போது 50 விநாடி.

கணக்கு

பிராசசர் 7,800, ரேம் இரண்டும் 3,300, எஸ்எஸ்டி 2,900, எஸ்எம்பிஎஸ் 2,700, முன்பக்கம் 120 மி.மீ. மின்விசிறி 350, பேஸ்ட் 250, ஐபிஏ 120, நைலான் வலை 60, பேட்டரி 40. மொத்தம் ₹17,520. பழைய 2200ஜி, ஊசி நிமிர்த்தியதைச் சொல்லியே, ₹2,000-க்குப் போனது. பழைய ரேம் ₹700. கையிலிருந்து போனது ₹14,820.

3:40-இலிருந்து 0:50-க்கு வந்த 170 விநாடியில் தூசி நீக்கியது 65, எஸ்எஸ்டியும் புது விண்டோஸும் 55, பிராசசர் 37, ரேம் 13. விண்டோஸ் 11 தேவைப்படாமல் இருந்திருந்தால் பிராசசரை விட்டுவிட்டு, சுத்தம் செய்து எஸ்எஸ்டி மட்டும் போட்டு, நாலாயிரத்துக்குள் இன்னும் இரண்டு வருடம் ஓட்டியிருக்கலாம்.

அடுத்த முறை முதல் நாளே வெப்பமும் 12 வோல்ட்டும் அளந்துவிட்டு, பிறகுதான் கடைக்குப் போவது. ரேமை ஜோடியாக வாங்குவது. டாங்கிள் டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு விண்டோஸைத் தொடுவது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் தேதி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறோம். கேபினெட் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர ஸ்டூலுக்கு ஏறிவிட்டது. தரையோரம்தான் பிசிறு அதிகம் உருளும். முன் மின்விசிறிக்கு வெளியே நைலான் வலையைக் காந்தப் பட்டையால் ஒட்டியிருக்கிறோம், கையாலேயே கழற்றலாம். ஞாயிறு தறி நிற்கும்போது வலையைக் கழுவுகிறார்கள். முதல் வாரமே அரை மி.மீ. கனத்துக்குப் படலம் வந்திருந்தது.